குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவன் நான். 14 ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருக்கிறேன். இப்போது நார்ஃபோக்கில் வீடு. பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு குளிர்காலமாக ஃபெசன்ட் வேட்டைக்கு என்னையும் கூட்டிப் போகிறார். புதரைத் தட்டிப் பறவை எழுப்புவது என் வேலை. துப்பாக்கி பிடிக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் அங்கே வேலை செய்யும் லாப்ரடார் நாய்களைப் பார்த்ததிலிருந்து, அப்படி ஒன்றை நானே பழக்கிக்கொண்டு போக வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. வீட்டில் மனைவி, எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள்.

இரண்டு இடம் பார்த்திருக்கிறேன். ஒன்று, விளம்பரத்தில் கண்டது: சாக்லேட் நிறக் குட்டிகள், ஐந்து வாரம் ஆகிறது, தகப்பன் வழியில் கண்காட்சி சாம்பியன்கள், 'இடுப்பு பரிசோதிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். முதலில் முன்பணம் கட்டுகிறவர் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாமாம். இன்னொன்று, சஃபோக்கில் ஒரு பெண்மணி. அவருடைய கறுப்பு நாய் வேட்டை நாட்களில் வேலை செய்கிறது. பிப்ரவரியில் இணை சேர்ப்பாராம், குட்டி கைக்கு வர ஜூன் ஆகுமாம். போனில் என்னையே அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எனக்கான குட்டியை அவரே தேர்ந்தெடுப்பார் என்றும் சொல்லிவிட்டார். காசு கொடுத்து வாங்கும் நான் தேர்ந்தெடுக்கக் கூடாதா?

என் தாத்தா சிப்பிப்பாறை வளர்த்தவர். குட்டியின் வாலையும் நெஞ்சையும் பார்த்தே ஓட்டத்தைச் சொல்லிவிடுவார். லாப்ரடாரில் எதைப் பார்ப்பது? குட்டியை மல்லாத்திப் பிடிப்பது, இறகை எறிந்து பார்ப்பது போன்ற சோதனைகள் உதவுமா? ஆண் நல்லதா, பெண் நல்லதா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

முதல் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். இரண்டாவது இடத்துக்கும் இப்போதே சரி என்று சொல்ல வேண்டாம். வேட்டைக் காலம் பிப்ரவரி 1 வரை இருக்கிறது. அதற்குள் ஒரு நாள் சஃபோக் போய், அந்தக் கறுப்பு நாய் வேலை செய்வதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் இரண்டு பழமொழி உண்டு. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது ஒன்று. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது இன்னொன்று. நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் முதல் பழமொழியை நம்பிக்கொண்டு போகிறார்கள். எட்டு வாரக் குட்டியிடம் முளை அவ்வளவாகத் தெரியாது. நூல் தெரியும். 26 ஆண்டுகளாக இந்த நாட்டுக் கிராமப்புறத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன், அதில் 20 ஆண்டுகளுக்கு மேலாக என் லாப்ரடார்களை வேட்டைக்குக் கொண்டு போகிறேன். எத்தனையோ பேர் குட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். தாயை எங்கே பார்த்தீர்கள், எந்த நிலையில் பார்த்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலோரிடம் பதில் இருக்காது.

என் முதல் லாப்ரடாரை நானும் அப்படித்தான் வாங்கினேன். அழகான மஞ்சள் ஆண் குட்டி. தாய் 'வெளியே போயிருக்கிறது' என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். இரண்டு ஆண்டு உழைத்துப் பழக்கினேன். வீட்டிலும் வயலிலும் சொன்னதெல்லாம் செய்தான். முதல் வேட்டை நாளில், துப்பாக்கி வரிசைக்குப் பின்னால் உட்கார வைத்ததும் மெல்ல முனக ஆரம்பித்தான். ஒவ்வொரு பறவை விழும்போதும் அந்த முனகல் உயர்ந்தது. நான் செய்யாத வைத்தியம் இல்லை. பல மாதம் கழித்துத்தான் அவன் தாயும் அதே குரல் கொடுப்பவள், அதனாலேயே வேட்டையிலிருந்து நிறுத்தப்பட்டவள் என்று தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டு எங்கள் வீட்டில் செல்லமாக இருந்து போய்ச் சேர்ந்தான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தாயைப் பார்க்காமல் வாங்கியது என் பிழை.

முனகுவது சிறிய விஷயமாக உங்களுக்குத் தோன்றலாம். இந்த நாய் என்ன வேலைக்கு இருக்கிறது என்பதை யோசித்தால் அப்படித் தோன்றாது. உங்கள் தாத்தாவின் சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் நாய். முயல் எழுந்தால் அவிழ்த்துவிட வேண்டியதுதான்; ஓட்டமும் பிடியும் அதன் பொறுப்பு, மனிதன் பின்னால் ஓடி வருகிறவன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு அந்த வேட்டை முடிந்தது, ஆனால் நாயின் ரத்தத்தில் அந்தக் குணம் இன்னும் இருக்கிறது. லாப்ரடாரின் வேலை அதற்கு நேர் எதிர். தலைக்கு மேல் துப்பாக்கி வெடிக்க, கண் முன்னே பறவைகள் விழ, கட்டில்லாமல், ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அனுப்பினால் மட்டும் போக வேண்டும். போகிற வழியில் செத்துக் கிடக்கும் பத்துப் பறவைகளைத் தாண்டி, அடிபட்டு ஓடி ஒளிந்த ஒன்றை மூக்கால் தேடி, உடல் நசுங்காமல் வாயில் எடுத்து வந்து கையில் கொடுக்க வேண்டும். விசில் கேட்டால் நூறு கஜத்துக்கு அப்பாலும் நின்று உங்கள் கையைப் பார்க்க வேண்டும்.

அந்த அடிபட்ட பறவைக்காகத்தான் இந்த நாய். நீங்கள் துப்பாக்கி பிடிக்க விரும்பாதவர் என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். இறக்கை முறிந்த ஃபெசன்ட் தரையில் இறங்கியதும் ஓட ஆரம்பிக்கும். முள்வேலி அடியில் போய்ப் பதுங்கினால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. அது இரவெல்லாம் அங்கே கிடந்து சாகாமல், சில நிமிடங்களில் அதன் வேதனை முடிகிறது என்றால் அதற்குக் காரணம் ஒரு நல்ல நாயும் அதைப் பழக்கியவரும். வேட்டை மைதானத்தில் இதைவிட மதிப்புள்ள வேலை ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆக, நமக்கு வேண்டியது நான்கு குணங்கள்: அமைதி, மூக்கு, மென்மையான வாய், மனிதனோடு சேர்ந்து வேலை செய்யும் விருப்பம். பழக்கத்தால் இவற்றைக் கூர்மையாக்கலாம். இல்லாத இடத்தில் உண்டாக்க முடியாது. குரல் கொடுப்பதும், பறவையை நசுக்கும் கடின வாயும், வேட்டை நாய்களின் வேலைத் திறனைச் சோதிக்க இங்கே நடக்கும் வயல் போட்டிகளில் நாயை அப்போதே வெளியேற்றிவிடும் குற்றங்கள். போட்டி நடத்துகிறவர்களின் பிடிவாதம் என்று இதை நினைக்க வேண்டாம். இரண்டுமே பெருமளவு பிறவியில் வருபவை. அப்படிப்பட்ட நாயிலிருந்து குட்டி எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கண்டிப்பு.

இனி, 'கண்காட்சி சாம்பியன்' என்ற சொல்லுக்கு வருகிறேன்.

லாப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு வேலை செய்த செயின்ட் ஜான்ஸ் நாய்கள். மீன் வணிகக் கப்பல்களில் டார்செட்டின் பூல் துறைமுகத்துக்கு வந்தன. நீர் ஒட்டாத அடர்ந்த உரோமமும், நீர்நாயினுடையதைப் போன்ற வாலும், எதையும் வாயில் எடுத்து வரும் ஆசையும் கண்டு மால்ம்ஸ்பரி பிரபுக்கள் அவற்றை வளர்த்தார்கள். 1880-களில் அங்கிருந்து சில நாய்கள் ஸ்காட்லாந்தின் பக்ளூ கோமகனிடம் போயின. இன்றைய லாப்ரடாரின் அடிவேர் அங்கே ஊன்றியது. 1903-இல், பிரிட்டனில் நாயினங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. அந்தக் காலத்தில் ஒரே நாய் ஒரு நாள் கண்காட்சி மேடையில் நின்று மறுநாள் வயலில் இறங்கும். ஹோவ் சீமாட்டியின் பான்சரி போலோ என்ற கறுப்பு நாய் மேடை, வயல் இரண்டிலும் சாம்பியன் பட்டம் வாங்கிய முதல் லாப்ரடார். பிரிட்டனில் அப்படி இரட்டைப் பட்டம் வாங்கும் நாய்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளோடு நின்றுவிட்டன. அதன்பின் ஒரே பெயரில் இரண்டு நாய்கள் வளர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை நாய் கனத்தது, நெஞ்சு அகன்றது, தலை பெரியது. வேலை நாய் மெலிந்தது, கால் நீண்டது, கண்ணில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். 'ஷோ சாம்பியன்' பட்டம் வாங்க ஒரு நாய் வாழ்நாளில் ஒரு பறவையைக் கூட எடுத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் குட்டிகள் நல்ல வீட்டு நாய்களாக வளரலாம். உங்களுக்கு வேண்டிய குணங்களுக்காக அவற்றின் பாட்டன் பூட்டன் தேர்ந்தெடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

வம்சாவளிப் பத்திரத்தில் வயல் போட்டிச் சாம்பியன்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவது இங்கே வழக்கம். வேலைக் குட்டி வாங்க வருகிறவர்கள் அந்தச் சிவப்பைப் பார்த்துச் சொக்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே உங்களை நான் கொஞ்சம் எச்சரிக்க வேண்டும். பத்திரம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் உங்களுக்கு அது நல்லதல்ல. போட்டியில் வெல்லும் நாய் வேகமும் துடிப்பும் நிறைந்தது. பத்து நாய் பழக்கிய கைக்கு அது அடங்கும். முதல் நாயோடு, வேலைக்குப் போய்க்கொண்டு, இரண்டு சிறு குழந்தைகளையும் வைத்துக்கொண்டிருக்கும் உங்களிடம் அப்படி ஒன்று வந்தால் இருவருக்கும் கஷ்டம். மூன்றாம் நான்காம் தலைமுறையில் சில சிவப்புப் பெயர், அதற்குப் பிறகு பட்டமில்லாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வேட்டையில் உழைக்கும் தாயும் தகப்பனும் — உங்களுக்கு நான் தேடுவது இதைத்தான். தகப்பன் துடிப்பானவன் என்றால் தாய் நிதானமானவளாக இருக்கட்டும். அந்த அம்மையாரிடம் "இந்த ஆணை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். என் நாயிடம் இது குறைவு, அதை ஈடுகட்ட இவன் என்ற மாதிரிப் பதில் வந்தால் அவர் தொழில் தெரிந்தவர். பக்கத்தில் இருந்தான், பட்டம் இருந்தது என்றால் யோசியுங்கள்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சாக்லேட் நாய்களில் அருமையான வேலைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நிறம் தாய் தகப்பன் இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். நிறத்தை விற்க நினைக்கிறவர் அதை வைத்தே ஜோடி சேர்ப்பார். குணமும் உடலும் பின்னுக்குப் போகும். பிரிட்டனின் கால்நடை மருத்துவப் பதிவுகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில் சாக்லேட் லாப்ரடார்களின் நடுநிலை ஆயுள் 10.7 ஆண்டு, மற்ற நிறங்களுக்கு 12.1 ஆண்டு என்று வந்தது. காது, தோல் நோய்களும் அவற்றுக்கு அதிகம். நிறமே நோய் என்று இதற்குப் பொருள் இல்லை. நிறத்துக்காக ரத்தத்தைக் குறுக்கியதன் விளைவாக இருக்கலாம் என்றே நான் கருதுகிறேன்.

'இடுப்பு பரிசோதிக்கப்பட்டது' என்ற வாசகம் என்னைக் கோபப்படுத்துகிறது. பரீட்சை எழுதினான் என்றால் போதுமா? மதிப்பெண் எவ்வளவு? இங்கே கால்நடை மருத்துவர் சங்கமும் கென்னல் கிளப்பும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில், நாய்க்கு ஒரு வயது முடிந்த பிறகு எக்ஸ்ரே எடுத்து ஒவ்வொரு இடுப்பு மூட்டுக்கும் 0 முதல் 53 வரை குறை மதிப்பெண் போடுவார்கள். இரண்டும் சேர்ந்து 106 வரை போகலாம். குறைவாக இருந்தால் நல்லது. லாப்ரடார்களின் நடு மதிப்பு பத்துக்கு அருகில் இருக்கிறது. தாய், தகப்பன் இரண்டும் அதற்குள் இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கும் நான்கும் எட்டு என்பது, ஒன்றும் ஏழும் எட்டு என்பதைவிட எனக்குப் பிடித்த எட்டு. முழங்கை மூட்டுக்கு 0 முதல் 3 வரை தரம். அங்கே 0 தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலி தாண்டிக் குதித்து இறங்கும்போது உடல் எடை முழுவதையும் வாங்குவது முன்னங்கால். மூன்று வயதிலேயே முழங்கை தேய்ந்து, வேலைக்குக் கிளம்பும் மற்ற நாய்களைக் கண்டு அழும் நாய்களுக்கு நான் மருந்து எழுதியிருக்கிறேன்.

கண் சான்றிதழில் தேதியைப் பாருங்கள். பரம்பரைக் கண் நோய்களில் சில வயதான பிறகுதான் தலை காட்டும் என்பதால், குட்டி எடுக்கும் நாய்க்கு அண்மையில் பார்த்த சான்றிதழ் வேண்டும். மரபணுச் சோதனைகள் தனி. விழித்திரை மெல்லத் தேய்ந்து பார்வை போகும் பி.ஆர்.ஏ., தசை வலுவிழக்கும் சி.என்.எம்., கால் குட்டையாகும் எஸ்.டி.2, மூக்கு வறண்டு வெடிக்கும் எச்.என்.பி.கே. ஆகியவற்றுக்கு எல்லாம் சோதனை உண்டு. உங்களுக்கு மிக முக்கியம் ஈ.ஐ.சி. இந்தக் குறை உள்ள நாய் பார்க்க முழு ஆரோக்கியமாக இருக்கும், பழக்கத்திலும் சுட்டியாக இருக்கும். ஆனால் உணர்ச்சி பொங்கக் கடுமையாக ஓடினால் ஐந்து முதல் இருபது நிமிடத்துக்குள் பின்னங்கால்கள் தள்ளாடி விழும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தேறிவிடும்; சில நாய்கள் அப்படியே இறந்திருக்கின்றன. வீட்டுச் சோபாவில் வாழும் நாயிடம் இது ஆயுள் முழுக்க வெளிப்படாமலே போகலாம். வேட்டை நாளில் வெளிப்படும். மரபணு 2008-இல் கண்டுபிடிக்கப்பட்டு, சோதனையும் எளிதாகக் கிடைக்கும்போது, சோதிக்காமல் குட்டி விற்பதற்கு ஒரு காரணமும் கிடையாது.

முடிவுத் தாளில் 'கேரியர்' (பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமப்பது) என்று இருந்தால் பயந்து ஓடாதீர்கள். இந்த நோய்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். தாய் கேரியராக இருந்து தகப்பன் சுத்தமாக இருந்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது. பாதிக் குட்டிகள் கேரியராக இருக்கலாம். இருவரும் கேரியர் என்றால்தான் நான்கில் ஒன்று என்ற ஆபத்து. கேரியர் என்பதற்காக நல்ல வேலை நாய்களை எல்லாம் ஒதுக்கினால் இனத்தின் ரத்தம் இன்னும் குறுகும். பெற்றோரின் பதிவுப் பெயர் தெரிந்தால் இந்த முடிவுகளைக் கென்னல் கிளப்பின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பெயரைக் கேட்டுச் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஆணா, பெண்ணா? பெண் நாய்க்கு ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவம் வரும். அந்த மூன்று வாரம் வேட்டைக்கோ பயிற்சிக் கூட்டத்துக்கோ கூட்டிப் போக முடியாது. அது நடு டிசம்பரில் வந்தால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆண் நாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. பக்கத்து ஊர்ப் பெண் நாயின் வாசனை வந்தால் வேறு தொல்லை. பழக்குவதில் பெண் கொஞ்சம் சீக்கிரம் முதிர்கிறாள் என்பது என் அனுபவம். முதல் நாயாகப் பெண்ணை எடுத்தவர்கள் வருந்தி நான் அதிகம் கண்டதில்லை. ஆனாலும் இதற்காக நல்ல ஈற்றை விட்டுவிடாதீர்கள். நல்ல ஈற்றில் கிடைக்கும் ஆண், சுமாரான ஈற்றில் கிடைக்கும் பெண்ணைவிட எவ்வளவோ மேல்.

இப்போது உங்கள் மனத்தாங்கலுக்கு வருகிறேன்: அவரே தேர்ந்தெடுப்பதாகச் சொன்னாரே என்பது. தம்பி, அதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். நீங்கள் போய்ப் பார்க்கப்போவது ஒரு மணி நேரம். பால் குடித்துவிட்டு உறங்கி எழுந்த குட்டி துள்ளி வரும்; அப்போதுதான் விளையாடி ஓய்ந்த குட்டி மூலையில் கிடக்கும். நீங்கள் துள்ளி வந்ததை 'துணிச்சல்' என்பீர்கள், கிடந்ததை 'மந்தம்' என்பீர்கள். மறுநாள் போனால் இரண்டும் இடம் மாறியிருக்கும். அவர் எட்டு வாரம் இரவும் பகலும் பார்த்தவர். எது தட்டை மிதித்து ஏறுகிறது, எது சத்தம் கேட்டு ஓடி ஒரு நிமிடத்தில் திரும்பி வருகிறது, எது திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகிறது, எது மனிதக் கால் போகும் இடமெல்லாம் போகிறது என்று அவருக்குத் தெரியும். உங்களை அரை மணி நேரம் கேள்வி கேட்டதும் இதற்காகத்தான். உங்கள் வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பதும், நீங்கள் புதியவர் என்பதும் தெரிந்தால் ஆக முரட்டுக் குட்டியை அவர் உங்களுக்குத் தரமாட்டார். பெண் கொடுக்கிறவர் விசாரிக்காமல் கொடுத்தால்தான் நாம் சந்தேகப்பட வேண்டும்.

மல்லாத்திப் பிடிப்பது, கையைத் தட்டுவது போன்ற சோதனைகளைப் பலர் ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஏழெட்டு வாரத்தில் செய்யும் சோதனை, வளர்ந்த நாயின் வேலைத் திறனைச் சொல்வதில் நம்பகமாக இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் முடிவு. மல்லாத்தி அழுத்திப் பிடிப்பதை நான் அடியோடு வெறுக்கிறேன். யாரென்று தெரியாத மனிதர் அப்படிச் செய்தால் குட்டி கற்றுக்கொள்வது பயத்தை மட்டும்தான். இறகை எறிந்தால் எல்லாக் குட்டியும்தான் ஓடும்.

அவர் இரண்டு குட்டியைக் காட்டி, "உங்களுக்கு இரண்டும் பொருந்தும், பிடித்ததை எடுங்கள்" என்று சொல்லவும் கூடும். அப்படி வந்தால், ஒவ்வொன்றையும் கூடப்பிறந்தவற்றிடமிருந்து பிரித்து அது அறியாத ஓர் அறையில் தரையில் விடுங்கள். நீங்கள் மெதுவாக நடந்து போங்கள். சுற்றிப் பார்த்துவிட்டு உங்களைத் தேடி வருகிறதா என்று கவனியுங்கள். சாவிக் கொத்தைத் தள்ளி ஓரிடத்தில் நழுவ விடுங்கள். திடுக்கிடுவது குற்றமில்லை, பிறகு என்னவென்று பார்க்க வருகிறதா என்பதே கேள்வி. முடிச்சிட்ட ஒரு காலுறையைச் சற்றுத் தூரம் உருட்டிவிட்டு, எடுத்த குட்டி எங்கே போகிறது என்று பாருங்கள். உங்களை நோக்கி வந்தால் என் மனம் அந்தக் குட்டிக்குத்தான் போகும். மூலைக்கு எடுத்துப் போனாலும் பழக்கிக்கொள்ளலாம். பிறகு வாயைத் திறந்து பல் வரிசை பொருந்துகிறதா, தொப்புளில் புடைப்பு இருக்கிறதா, ஆணென்றால் இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குமேல் எட்டு வாரக் குட்டியிடம் படிக்க ஒன்றுமில்லை.

சட்ட விஷயம் சுருக்கமாக. இங்கிலாந்தில் எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. அதற்குள் மைக்ரோசிப் போட்டு வளர்த்தவர் பெயரில் பதிந்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் இடைத்தரகர் மூலம் குட்டி விற்பதும் தடை. குட்டி பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சாக்லேட் குட்டி விளம்பரத்தில் தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தகப்பன் வழிச் சாம்பியன்களைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஜூன் வரை காத்திருப்பது உங்களுக்கு மலைப்பாக இருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிப்ரவரி நடுவில் இணை சேர்ந்தால் 63 நாளில், ஏப்ரலில் குட்டி பிறக்கும். ஜூனில் உங்கள் வீட்டுக்கு வரும். நீண்ட பகல், காய்ந்த புல், வீட்டுப் பழக்கம் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. இலையுதிர் காலத்தில் ஆறு மாதம் ஆகும்போது விசிலோடு முறையான பயிற்சியைத் தொடங்கலாம். மறு ஆண்டு அக்டோபரில் ஃபெசன்ட் வேட்டை திறக்கும்போது அந்தக் குட்டிக்குப் பதினெட்டு மாதம். முதல் வேட்டை நாளுக்கு அதுதான் சரியான வயது. இன்றைக்கே சாக்லேட் குட்டியை வாங்கினாலும் அடுத்த அக்டோபரில் அதற்கு ஒரு வயது கூட நிரம்பியிருக்காது. அந்த வயதில் துப்பாக்கி வரிசைக்குக் கூட்டிப் போய்க் கெடுத்துக்கொண்ட நாய்கள் ஏராளம். ஆக, காத்திருப்பதால் நீங்கள் ஒரு வேட்டைக் காலத்தைக் கூட இழக்கவில்லை.

இந்த ஆறு மாதத்தில் உங்கள் பெண்களைத் தயார் செய்யுங்கள். குட்டியின் பயிற்சி கெடுவது பெரும்பாலும் வயலில் அல்ல, வீட்டுத் தோட்டத்தில். குழந்தை நாள் முழுக்கப் பந்து எறியும், குட்டி நாள் முழுக்க ஓடி எடுக்கும். ஆறு மாதத்தில் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: எது பறந்தாலும் உடனே ஓடு. பிறகு அதே நாயை விழும் பறவைக்கு நடுவே உட்காரச் சொன்னால் எப்படி உட்காரும்? பந்தை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, பொம்மையைப் புல்லில் ஒளித்துவைத்துக் குட்டியை மூக்கால் தேடவிடும் விளையாட்டைப் பெரியவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தட்டை வைத்துவிட்டு, குட்டி உட்கார்ந்த பிறகு 'எடு' என்று சொல்லும் வேலையைச் சின்னவளிடம் கொடுங்கள். குட்டி வாயில் எதைத் தூக்கி வந்தாலும், அது மனைவியின் செருப்பாகவே இருந்தாலும், பறிக்கவோ துரத்தவோ கூடாது. பாராட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பெண்ணுக்கு இது புரியும். இப்படி வளர்ந்த குழந்தைகள் பின்னாளில் பெரியவர்களைவிட நன்றாக நாய் பழக்குவதை நான் கண்டிருக்கிறேன்.

தீனி விஷயத்தில் கையைக் கட்டுங்கள். 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாக வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்றில், கால் பங்கு குறைவாக உண்டவை நடுநிலைக் கணக்கில் 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் தள்ளிப் போயிற்று. இந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு நாய்க்கு, வயிறு நிறைந்த உணர்வைக் குறைக்கும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். உங்கள் குட்டி கெஞ்சும் கண்ணோடு பார்க்கும். உங்கள் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கும்போது, இட்லித் துண்டு போடக் கூடாது என்று முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவையுங்கள்.

சஃபோக் போகும் நாளுக்கு வருவோம். அந்த அம்மையாரிடம் அனுமதி கேட்டு, பச்சை மேல்சட்டை போட்டுக்கொண்டு, அவருக்குப் பின்னால் பேசாமல் நில்லுங்கள். நாய் பறவையைத் தூக்கி வரும் நேரத்தில் எல்லாக் கண்ணும் அதன் மேல்தான் இருக்கும். அழகாகத்தான் இருக்கும், அதற்கு மயங்காதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இடைப்பட்ட நேரத்தை. மற்ற நாய்களை அனுப்பிவிட்டு இவளை உட்கார வைத்திருக்கும்போது நடுங்குகிறாளா, முனகுகிறாளா, எஜமானி முகத்தைப் பார்க்கிறாளா? கொண்டு வந்த பறவையைக் கையில் வாங்கி, விலாவை விரலால் தடவிப் பார்க்க அனுமதி கேளுங்கள். இரு பக்க எலும்பும் முழுதாக இருக்க வேண்டும். மதிய உணவு வேளையில் வண்டியின் பின்கதவு திறந்திருக்க, அறியாத ஆட்கள் பக்கத்தில் போகும்போது அவள் எப்படி இருக்கிறாள்? அங்கே பறவைகளைப் பராமரிக்கும் காவலரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆண்டு முழுவதும் எல்லா நாயையும் பார்க்கிறவர் அவர், பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்வார்.

போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். எத்தனை பறவை கொண்டு வந்தாள் என்பது வேண்டாம். வேலை கொடுக்காமல் உட்கார வைத்திருந்தபோது அவள் என்ன செய்தாள் என்பதை எழுதுங்கள்.